உதிரித் தகவலும் கோக்கும் நூலும்: விளம்பரங்கள் நம்மை அடையாளம் காண்பது எப்படி?

என் தோழி ஒருத்தி முதல்முறை கருவுற்றபோது, வயிற்றில் குழந்தை வளர்வதை வாரவாரம் விளக்கும் செயலி ஒன்றைக் கைபேசியில் நிறுவிக்கொண்டாள். செயலி பிரசவத் தேதியைக் கேட்டது, கொடுத்தாள். மின்னஞ்சல் முகவரியைக் கேட்டது, அதையும் கொடுத்தாள். நான்காவது மாதத்தில் கரு கலைந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றே செயலியை நீக்கிவிட்டாள். விளம்பரங்கள் மட்டும் நிற்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் கர்ப்பிணிகளுக்கான உடை வந்தது. ஏழாம் மாதத்தில் தொட்டில் வந்தது. குழந்தை பிறந்திருக்க வேண்டிய அந்த வாரத்தில், பச்சிளங்குழந்தைக்கான டயப்பர் விளம்பரம் வந்தது. "செயலியையே அழித்துவிட்டேன். வெளியாள் ஒருவரிடமும் சொல்லவில்லை. இவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?" என்று கேட்டாள்.

இணையதளங்களை வடிவமைப்பது என் தொழில். அவள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவளுக்கு விளங்கும்படி சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும் படிக்கலாம்.

தனியுரிமை என்றதும் கடவுச்சொல், வங்கிக் கணக்கு, அந்தரங்கப் படங்கள் ஆகியவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. விளம்பரத் தொழிலுக்கு இவை தேவையில்லை. நேற்றிரவு எந்தப் பக்கத்தைப் படித்தோம், எந்தப் படத்தின் மேல் எத்தனை விநாடி நின்றோம், எந்தப் பொருளைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனோம் என்பவை போன்ற சில்லறைத் தகவல்களே போதும். தனித்தனியாக இவை உதிரிப் பூக்கள், யாருக்கும் பயன்படாது. சரமாக்க ஒரு நூல் வேண்டும். "நேற்றுத் தொட்டில் பார்த்தவரும் இன்று செய்தி படிக்கிறவரும் ஒரே ஆள்தான்" என்று காட்டும் அடையாளம்தான் அந்த நூல். பூவைக் காட்டிலும் நூலைக் கவனித்தால், இந்தத் தொழில் முழுவதும் விளங்கிவிடும்.

முதல் நூல்: குக்கி

இணையம் பிறந்தபோது அதற்கு ஞாபகசக்தியே கிடையாது. ஒரு தளத்தில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், இரண்டையும் கேட்டவர் ஒருவரே என்பது அந்தத் தளத்துக்குத் தெரியாது. இணையக் கடையில் கூடைக்குள் போட்ட பொருள், பக்கம் மாறியதும் காணாமல் போய்விடும். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த லூ மொன்டுல்லி 1994இல் இதற்கு வழி கண்டார். பொருள் பாதுகாப்பு அறையில் பையை ஒப்படைத்தால் எண் எழுதிய டோக்கன் தருவார்களே, அதுபோல ஒரு சிறு எண்ணைத் தளம் நம் உலாவியிடம் (இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளிடம்) கொடுத்து வைக்கும். அடுத்த முறை போகும்போது உலாவி அதைத் திருப்பிக் காட்டும். இதற்குக் குக்கி என்று பெயர்.

டோக்கனில் நம் பெயர் இருக்காது. எண் மட்டுமே இருக்கும். கொடுத்த தளத்தைத் தவிர வேறு தளம் அதைப் படிக்கவும் முடியாது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. குக்கி இல்லாவிட்டால் ஒவ்வொரு சொடுக்குக்கும் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் பார்க்கும் ஒரு பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கணினியில் ஏதாவது ஒரு பெரிய செய்தித் தளத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, வலைப்போக்குவரத்தைக் காட்டும் பகுதிக்குப் போய், பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். ஒரு நீண்ட பட்டியல் மளமளவென்று இறங்கும். கட்டுரையின் எழுத்துகள் அதில் ஒன்றிரண்டு வரிதான். மற்றவை படங்கள், எழுத்துருக்கள், பெயரே கேள்விப்பட்டிராத நிறுவனங்களின் முகவரிகள். பல தளங்களில் பட்டியல் நூறு வரிகளைத் தாண்டும். ஒரே ஒரு புள்ளி அளவில், கண்ணுக்குத் தெரியாத படம்கூட அதில் இருக்கும். பார்ப்பதற்காக அதை வைக்கவில்லை. அந்தப் படத்தைக் கேட்டு நம் உலாவி வெளி நிறுவனத்தின் கதவைத் தட்ட வேண்டும் என்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். தட்டும்போது அந்த நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு டோக்கனைக் கொடுத்துவிடும். மூன்றாம் தரப்புக் குக்கி என்பது இதுதான்.

அதே நிறுவனத்தின் புள்ளிப் படம் ஆயிரம் தளங்களில் இருந்தால், ஆயிரம் தளங்களிலும் நாம் காட்டுவது ஒரே டோக்கனை. காலையில் மருத்துவக் கட்டுரை, மதியம் வேலைவாய்ப்புப் பக்கம், இரவு கடன் பற்றிய தேடல் என எல்லாம் ஒரே எண்ணின் கீழ்ப் பதிவாகின்றன. வாடிக்கையாளர்கள் கேட்டபோதெல்லாம் நானே பல தளங்களில் இந்த வரிகளைச் சேர்த்திருக்கிறேன். இரண்டு நிமிட வேலை. தளத்துக்கு வரும் ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்றாம் நிறுவனத்துக்குத் தகவல் போகும் என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை. அது இன்று என்னை உறுத்துகிறது.

இந்த நூல் இப்போது பல இடங்களில் அறுந்திருக்கிறது. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுவதுமாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனிப் பெட்டியில் பூட்டிவைக்கிறது. கூகுள், தன் உலாவியான குரோமிலிருந்து இரண்டே ஆண்டுகளில் இவற்றை நீக்கிவிடுவதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. தவணை மேல் தவணையாகத் தள்ளிவைத்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. உலாவியைத் தயாரிக்கும் அந்த நிறுவனத்துக்கு வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதை இங்கே மறக்கக் கூடாது.

கைபேசிக்குள் இருக்கும் நூல்

கைபேசிச் செயலிகள் உலாவியின் குக்கியைப் பகிர்ந்துகொள்வதில்லை. அதனால் அங்கே வேறு ஏற்பாடு. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் ஐபோன்களிலும் விளம்பர அடையாள எண் என்று ஒன்று உண்டு. விளையாட்டுச் செயலி, வானிலைச் செயலி, உடல்நலச் செயலி எல்லாம் படிக்கக்கூடிய பொது எண் அது. செயலியை எழுதுகிறவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. விளம்பரம் காட்டவும், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்கவும் வெளி நிறுவனங்களின் ஆயத்த நிரல்களை உள்ளே சேர்த்துக்கொள்வார். நாம் செயலிக்குச் சொல்வதை அந்த நிரல்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

என் தோழியின் கேள்விக்கான விடையில் பாதி இங்கே இருக்கிறது. பிரசவத் தேதியும் விளம்பர எண்ணும் சேர்ந்து செயலியைவிட்டு வெளியே போயிருக்க வேண்டும். செயலியை நீக்கினால் கைபேசியிலிருந்து செயலி போகும். அது ஏற்கெனவே வெளியே கொடுத்த தேதி போகாது. கரு கலைந்தது என்ற செய்தியை அந்தப் பதிவேட்டில் எழுத யாரும் இல்லை. தேதி மட்டும் அங்கே தங்கி, மாதம் மாதமாக எண்ணிக்கொண்டிருந்தது.

இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். மாதவிடாய், கருத்தரிப்பு விவரங்களைப் பதிந்துகொள்ளும் ஃப்லோ என்ற செயலி (என் தோழி பயன்படுத்தியது இது இல்லை), பயனர்களின் உடல்நல விவரங்களை ரகசியமாகக் காப்பதாக வாக்களித்துவிட்டு, ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்குக் கொடுத்தது என்று அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2021இல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. இனி அப்படிப் பகிரும் முன் பயனரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை.

அதே 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. இந்த எண்ணைப் படிப்பதற்கு முன் ஒவ்வொரு செயலியும் "உங்களைப் பின்தொடர அனுமதிக்கிறீர்களா?" என்று பயனரிடம் நேரடியாகக் கேட்டாக வேண்டும். பெரும் எண்ணிக்கையிலானோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த மாற்றத்தால் 2022ஆம் ஆண்டில் சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் இழப்பு ஏற்படலாம் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தன் முதலீட்டாளர்களிடம் கூறியது. ஒரு கேள்வியைக் கேட்டதற்கே இவ்வளவு இழப்பு என்றால், கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்ததன் மதிப்பு என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாமே கொடுக்கும் நூல்

குக்கியை அழிக்கலாம், விளம்பர எண்ணை மாற்றலாம். மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அப்படி மாற்ற முடியாது. பத்து, பதினைந்து ஆண்டுகளாக அதே எண்ணைத்தான் வைத்திருக்கிறோம். எந்த நிறுவனமும் தன் வாடிக்கையாளர்களின் எண்களைச் சங்கேத வடிவில் ஒரு சமூக ஊடகத்திடம் கொடுத்து, "இவர்கள் உங்களிடம் இருந்தால் இந்த விளம்பரத்தைக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். இரண்டு பக்கமும் ஒரே முறையில் சங்கேதமாக்குவதால் எண்ணை வெளிப்படையாகச் சொல்லாமலேயே பொருத்திவிட முடியும். "இவர்களைப் போன்ற வேறு ஆட்களுக்கும் காட்டுங்கள்" என்றும் கேட்கலாம். விளம்பரதாரரோடு எந்தத் தொடர்பும் இல்லாத நாம், அவருடைய வாடிக்கையாளரைப் போல இருக்கிறோம் என்பதற்காகவே பட்டியலில் சேர்ந்துவிடுவோம்.

இதில் எனக்கு மிகவும் கசப்பானது ட்விட்டர் வழக்கு. கணக்கின் பாதுகாப்புக்காக என்று சொல்லி 14 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் வாங்கி, அவற்றையே விளம்பர இலக்குக்கும் பயன்படுத்தியதாக எழுந்த வழக்கில், 2022 மே மாதம் அந்த நிறுவனம் 15 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. கதவுக்குப் பூட்டு வாங்கப் போனவரிடம் சாவியின் அச்சை எடுத்துக்கொள்வதற்கு ஒப்பான செயல் இது. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒரு தகவலைக் கேட்டால், அதைப் பாதுகாப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எதையுமே கொடுக்காதவரையும் அடையாளம் காண முடியும். நம் உலாவி ஒவ்வொரு தளத்திடமும் திரையின் அளவு, மொழி, நேர மண்டலம், நிறுவியுள்ள எழுத்துருக்கள் போன்ற விவரங்களைத் தானாகச் சொல்கிறது. பக்கம் ஒழுங்காகத் தெரிவதற்கு இவற்றில் பல தேவை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கைரேகையைப் போல ஆகிவிடும். இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அமைப்பு 2010இல் சுமார் 4,70,000 உலாவிகளைச் சோதித்தபோது, 83.6 சதவீதம் தமக்கு இணையே இல்லாத தனித்த சேர்க்கையைக் கொண்டிருந்தன.

ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு

இனி, சரமாகக் கோத்த தகவலை என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

செய்திப் பக்கம் ஒன்றைத் தொடுகிறீர்கள். எழுத்துகள் முதலில் வருகின்றன. நடுவில் ஒரு கட்டம் கண் இமைக்கும் நேரம் வெறுமையாக இருக்கிறது. பிறகு விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடைவெளியில் ஓர் ஏலம் நடந்து முடிந்திருக்கிறது. "இந்தப் பக்கத்தில் இந்த அளவில் ஓர் இடம் காலி. பார்க்கப்போகிறவரின் அடையாள எண் இது. அவருடைய கைபேசி இந்த மாதிரி. மொழி இது, ஏறத்தாழ இந்தப் பகுதியில் இருக்கிறார், படிக்கும் கட்டுரை இதைப் பற்றியது" என்று ஓர் அறிவிப்பு பல நிறுவனங்களுக்கு ஒரே சமயத்தில் போகிறது. ஒவ்வொன்றும் அந்த எண்ணைத் தன் கிடங்கில் தேடுகிறது. சென்ற வாரம் தொட்டில் பார்த்தவர் என்று ஒரு குறிப்பு கிடைத்தால் தொட்டில் விற்பவரின் சார்பில் விலை உயர்கிறது. அதிக விலை சொன்னவரின் விளம்பரம் நம் திரைக்கு வருகிறது. அறிவிப்பிலிருந்து முடிவு வரை பொதுவாக 100 மில்லி விநாடி அளவில் முடிந்துவிடும். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு.

விளம்பரத்தைப் பார்த்ததும் "யாரோ என் தகவலை விற்றுவிட்டார்கள்" என்று சொல்கிறோம். பெரும்பாலும் விற்கப்படுவது நம் கவனம். தகவல் அதற்கு விலை வைக்க உதவுகிறது. அதற்காக ஆறுதல் அடைய வேண்டியதில்லை. ஏலத்தில் வென்றவர் ஒருவர். அறிவிப்பைப் பெற்றவர்கள் பலர். தோற்றவர்களும் நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன படிக்கிறோம் என்று கேட்டுவிட்டார்கள். கேட்டதை மறந்துவிட்டார்களா என்று சோதிக்க நம்மிடம் வழியில்லை. மொபைல்வாலா என்ற தகவல் வணிக நிறுவனம், தான் ஏலத்தில் தோற்றபோதும் வந்த இருப்பிட விவரங்களைச் சேர்த்துவைத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 டிசம்பரில் குற்றம்சாட்டியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் அச்சம் தருவது விளம்பரம் இல்லை, இந்த அறிவிப்புதான். ஒவ்வொரு பக்கத்துக்கும், ஒவ்வொரு நாளும், நம் காதில் விழாமல் நம்மைப் பற்றி ஊருக்கே தண்டோரா போடுகிறார்கள்.

பெயர் தெரியாதே, அப்புறம் என்ன?

இந்தத் துறையினர் அடிக்கடி சொல்லும் பதில் இது: "எங்களிடம் பெயர் இல்லை, வெறும் எண்தான்." இதை நான் ஏற்கவில்லை. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் தெரிந்தால் அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டிவிட முடியும் என்று கணினி ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டு கணக்கிட்டுக் காட்டினார். 2013இல் வெளியான இன்னோர் ஆய்வு, 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசி இருப்பிடத் தகவலை எடுத்துக்கொண்டது. எந்த நேரத்தில் எந்த இடத்தில் என்று நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைப் பிரித்தறிய முடிந்தது. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. இரவெல்லாம் ஒரு கைபேசி எங்கே கிடக்கிறதோ அது வீடு. பகலெல்லாம் எங்கே இருக்கிறதோ அது வேலையிடம். அந்த வீட்டிலிருந்து அந்த வேலையிடத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்?

2006 ஆகஸ்டில் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல், ஆராய்ச்சிக்கு உதவும் என்று எண்ணி, சுமார் 6,50,000 பயனர்களின் தேடல்களை வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண்களைப் போட்டிருந்தது. சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள், ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்மணியின் வீட்டு வாசலுக்கே போய் நின்றார்கள்.

தெரிந்த தகவலைவிட, ஊகித்த தகவல் இன்னும் நுட்பமானது. 58,000 தன்னார்வலர்களின் ஃபேஸ்புக் 'விருப்பங்களை' (லைக்) மட்டும் வைத்து கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் செய்த கணிப்பு 2013இல் வெளியானது. அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சியினரா குடியரசுக் கட்சியினரா என்பதை அது 85 சதவீதம் சரியாகப் பிரித்தது. இத்தனைக்கும் அவர்கள் சொடுக்கியது பாட்டு, படம், பக்கம் போன்ற சாதாரண விஷயங்களை. கட்சியைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்தவரின் கட்சியும் இப்படித் தெரிந்துவிடும். நாம் சொல்லாததைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இங்கே தளர்கிறது.

ஒட்டுக்கேட்கிறார்களா?

"பேசிக்கொண்டிருந்தோம், அடுத்த நிமிடம் விளம்பரம் வந்தது, கைபேசி ஒட்டுக்கேட்கிறது" என்று சொல்லாதவர்களே இல்லை. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ரகசியமாக ஒலிப்பதிவு செய்து அனுப்பும் செயலி ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் திரையில் நடப்பதைப் படமெடுத்து வெளி நிறுவனத்துக்கு அனுப்பிய செயலிகள் அகப்பட்டன.

பேச்சுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள தொடர்பை வேறு வழியில் விளக்கலாம். இருவரும் ஒரே வைஃபையில் இருக்கிறீர்கள். நண்பர் நேற்றே அந்தப் பொருளைத் தேடியிருக்கிறார். நீங்கள் அவரோடு நேரம் கழிப்பவர் என்பது இருப்பிடத்தால் தெரியும். நண்பர் அதைப் பற்றிப் பேசியதற்கும், உங்களுக்கு விளம்பரம் வந்ததற்கும் காரணம் ஒன்றே. ஒலிவாங்கி இல்லாமலேயே இந்த அளவுக்கு ஊகிக்க முடிகிறது என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி.

நமக்குக் காட்டப்படாத விளம்பரம்

"எனக்குப் பிடித்த பொருளைக் காட்டுகிறார்கள், நல்லதுதானே? என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை" என்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: காட்டாத விளம்பரத்தைப் பற்றி யோசித்தீர்களா?

வீடு வாடகை, வேலைவாய்ப்பு, கடன் எல்லாம் இப்போது விளம்பரமாகத்தான் வருகின்றன. யாருக்குக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடிந்தால், யாருக்குக் காட்டக் கூடாது என்றும் தேர்ந்தெடுக்கலாம். வீட்டு விளம்பரம் ஒன்றிலிருந்து கறுப்பின மக்களை விலக்கிவைக்க ஃபேஸ்புக்கின் விளம்பரக் கருவி இடம்கொடுப்பதை அமெரிக்காவின் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2016 அக்டோபரில் அம்பலப்படுத்தியது. அது வழக்காகி, 2022 ஜூனில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்துடன் மெட்டா சமரசத்துக்கு வந்தது. வீட்டு விளம்பரங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த ஒரு கருவியைக் கைவிடவும் ஒப்புக்கொண்டது.

முன்பு "இன்னாருக்கு வீடு இல்லை" என்று பலகை தொங்கினால், அதைப் படிக்க முடியும். சண்டை போட முடியும். வழக்குத் தொடுக்க முடியும். திரையில் வராமலே போன விளம்பரத்துக்கு எதிராக யார், எங்கே போய் முறையிடுவது? தனக்கு ஒரு வாய்ப்பு கிடைக்காமல் போனது என்பதே அவருக்குத் தெரியாதே. கடன் சுமையில் இருப்பவருக்கு மேலும் கடன், சூதாட்டத்திலிருந்து மீள முயல்கிறவருக்குச் சூதாட்டம், குழந்தையை இழந்தவளுக்குத் தொட்டில் என்று பலவீனத்தின் மேலேயே குறிபார்த்து எறிவதும் இதே இயந்திரம்தான். மறைக்க ஒன்றுமில்லாதவருக்கும் நோய் வரும், கடன் வரும், துக்கம் வரும்.

சட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கிறது. மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். இலங்கை 2022இலும் இந்தியா 2023இலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தை இந்தியச் சட்டம் தடைசெய்கிறது. உங்கள் தகவலைக் காட்டு, திருத்து, அழி என்று நிறுவனத்திடம் கேட்கும் உரிமை இத்தகைய சட்டங்களில் பெரும்பாலும் உண்டு. அதைக் கேட்கிறவர்கள்தான் குறைவு.

நூலை அறுப்பது

எல்லா நூலையும் அறுக்க முடியாது. தடிமனான சிலவற்றை ஐந்து நிமிடத்தில் அறுக்கலாம். அதைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

முதலில் கைபேசி. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குப் போய், கூகுள் பகுதியில் விளம்பரங்கள் என்ற இடத்தைத் தேடுங்கள். புதிய பதிப்புகளில் விளம்பர அடையாள எண்ணை நீக்கும் வசதி அங்கே இருக்கிறது. நீக்கிவிட்டால், அதைக் கேட்கும் செயலிகளுக்கு வெறும் பூஜ்ஜியங்கள்தான் கிடைக்கும். ஐபோனில் தனியுரிமைப் பகுதிக்குள், பின்தொடர அனுமதி கேட்கும் வாய்ப்பையே செயலிகளிடமிருந்து மூடிவிடலாம். பிறகு இருப்பிட அனுமதியைப் பாருங்கள். டார்ச் செயலிக்கும் கால்குலேட்டருக்கும் நாம் இருக்கும் இடம் எதற்கு? வரைபடச் செயலிக்குக்கூடப் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பது போதும்.

உலாவியில், மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் அமைப்பு எல்லாவற்றிலும் உண்டு. குரோம் பயன்படுத்துபவர்கள் அதைத் தாங்களே போய் இயக்க வேண்டும். மறைநிலைச் சாளரத்தை (இன்காக்னிட்டோ) நம்பி ஏமாறாதீர்கள். அது நம் கணினியில் வரலாற்றைச் சேமிக்காது. வீட்டிலிருப்பவர் பார்க்க முடியாது, அவ்வளவுதான். நாம் போகும் தளமும் அதில் ஒட்டியிருக்கும் நிறுவனங்களும் நம்மைப் பார்க்கத்தான் செய்யும். இதைப் பற்றிய வழக்கொன்றில், மறைநிலைப் பயன்பாட்டில் திரட்டிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது.

குக்கி அனுமதிப் பெட்டி வந்தால், 'எல்லாவற்றையும் மறு' என்ற பொத்தானைத் தேடிச் சொடுக்குங்கள். ஏற்பதற்கு ஒரு சொடுக்கும் மறுப்பதற்குப் பல சொடுக்கும் வைத்ததற்காகக் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. அந்தப் பொத்தான் ஒளிந்திருப்பது தற்செயல் இல்லை என்று தெரிந்தால் தேடுவதில் சலிப்பு வராது.

மின்னஞ்சலுக்கு நான் செய்வது: முக்கியமான கணக்குகளுக்கு ஒரு முகவரி, பொருள் வாங்கவும் பதிவு செய்யவும் இன்னொன்று. தொலைபேசி எண்ணைக் கேட்கும் படிவத்தில் அது கட்டாயமா என்று பார்ப்பேன். கட்டாயமில்லை என்றால் வெற்றாக விட்டுவிடுவேன்.

இவற்றையெல்லாம் ஒரு மாலையில் என் தோழியின் கைபேசியில் உட்கார்ந்து செய்தோம். கூகுளின் விளம்பர அமைப்பில் மது, சூதாட்டம், எடைக்குறைப்பு ஆகியவற்றுடன் கர்ப்பம், குழந்தை வளர்ப்பு என்ற தலைப்பும் இருக்கிறது. அந்த விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லலாம். அதை அவளே அணைத்தாள். ஒரு வாரத்தில் திரையில் தொட்டில்கள் அனேகமாக ஓய்ந்தன. மின்னஞ்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது, "உங்கள் குழந்தைக்கு இன்று ஒரு மாதம்" என்று. அது குக்கியும் இல்லை, விளம்பர எண்ணும் இல்லை; அவள் முதல் நாள் கொடுத்த முகவரி. அந்த நிறுவனத்துக்கு மூன்று வரியில் கடிதம் எழுதினோம்: என் பெயரில் உள்ள எல்லாத் தகவலையும் அழியுங்கள், யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், அழித்ததும் எழுத்தில் தெரிவியுங்கள். இருபது நாள் கழித்து, அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. மறுபடி எழுதியிருக்கிறோம்.